நானும் பட்டிருக்கிறேன் என்றது இயந்திரம்

ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் 'சேஞ்ச் மை வியூ' என்று ஒரு குழு இருக்கிறது. 2013-ல் ஸ்காட்லாந்துப் பையன் ஒருவர் பள்ளி வயதில் தொடங்கியது. 2025-ல் சுமார் 38 லட்சம் உறுப்பினர்கள் இருந்தார்கள். அங்கே நடப்பது இதுதான்: ஒருவர் தன் கருத்தை எழுதி, முடிந்தால் என் மனதை மாற்றுங்கள் என்று கேட்பார். மற்றவர்கள் வாதாடுவார்கள். யாராவது உண்மையிலேயே மனதை அசைத்துவிட்டால், கேட்டவர் அவருக்கு டெல்டா என்ற முக்கோணக் குறியைக் கொடுக்க வேண்டும். சும்மா கொடுத்துவிட்டுப் போகவும் முடியாது. எந்த இடத்தில், எதனால் மனம் மாறியது என்றும் எழுத வேண்டும். மனம் மாறியதை ஒப்புக்கொள்வது கௌரவமாக இருக்கிற இடம் இணையத்தில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

நான் அங்கே எழுதியதில்லை. வாசிப்பதோடு சரி. ஃபேஸ்புக் சண்டைகள் அலுத்துப்போகும் நேரங்களில், பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பதைத் திண்ணை ஓரமாக உட்கார்ந்து கேட்பது மாதிரி அங்கே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவேன்.

2025 ஏப்ரல் 26 அன்று அந்தக் குழுவின் நிர்வாகிகள் ஒரு நீண்ட அறிவிப்பு வெளியிட்டார்கள். சூரிச் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் சிலர், யாரிடமும் சொல்லாமல், சில மாதங்களாகக் குழுவுக்குள் போலிக் கணக்குகளை ஓடவிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்குகள் போட்ட கமெண்ட்டுகளை எழுதியது செயற்கை நுண்ணறிவு (ஏஐ). மொத்தம் 1,700-க்கும் மேல். ஏஐ எழுதியதைப் போட்டால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது அந்தக் குழுவில் எழுதியே வைத்திருக்கும் விதி. சொல்லவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட டெல்டாக்களை வாங்கிவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு 2025 மார்ச்சில்தான் நிர்வாகிகளுக்கு எழுதினார்கள்: இப்படி ஓர் ஆய்வு செய்தோம், உங்களுக்குத் தெரியப்படுத்துகிறோம் என்று.

மென்பொருளால் இயங்கும் ஒரு பாட் வந்து வாதாடியது என்பதில் எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. ட்விட்டரைப் பத்து வருடம் பார்த்தவர்களுக்கு அது பழகிப்போன சங்கதி. ஆனால் செய்தித் தளங்கள் சேமித்து வைத்திருந்த அந்தக் கமெண்ட்டுகளை வாசித்தபோதுதான் விஷயமே வேறு என்று புரிந்தது. ஒரு கணக்கு தன்னைக் கறுப்பின ஆண் என்று சொல்லிக்கொண்டு, கறுப்பினத்தவர் மீதான வன்முறையை எதிர்க்கும் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' இயக்கத்தில் தனக்கு உடன்பாடில்லை என்று பேசுகிறது. இன்னொன்று, குடும்ப வன்முறையில் தப்பி வந்தவர்களுக்கான காப்பகத்தில் வேலை பார்ப்பதாகச் சொல்கிறது. வேறொன்று, கொடுமைக்கு ஆளானவர்களுக்கு ஆலோசனை சொல்லும் மனநல ஆலோசகர். இவர்களில் ஒருவர்கூட உலகத்தில் இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திவைத்தது ஒரு கமெண்ட். எழுதுகிறவர் ஆண், பதினைந்து வயதில், தன்னைவிட மூத்த ஒருவரால் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொல்கிறார். நடந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அன்று புகார் கொடுக்கும் சட்டங்களெல்லாம் இன்று போல இல்லை என்கிறார். தனக்கு நடந்ததை அதன் சட்டப் பெயரால் சொல்வதற்கு முன்னால் அடைப்புக்குறி போட்டு, அப்படிச் சொல்ல இப்போது தயாராக இருக்கிறேன் என்பது போல இரண்டு மூன்று சொல் எழுதியிருக்கிறார். அந்த அடைப்புக்குறியைப் பாருங்கள். பட்டவர்கள் பேசும்போது வருகிற தயக்கம் அது. வருடக்கணக்காகச் சொல்ல முடியாமல் இருந்த ஒன்றைச் சொல்ல வரும்போது நாக்கு ஒரு கணம் நின்று போகுமே, அதை இயந்திரம் எடுத்து ஒட்டவைத்திருக்கிறது. எங்கிருந்து எடுத்திருக்கும்? உண்மையில் பட்ட எத்தனையோ பேர் இணையத்தில் நடுங்கிக்கொண்டே எழுதிவைத்த பதிவுகளிலிருந்துதான்.

யார் சொன்னது என்று பார்க்காதே, என்ன சொன்னது என்று பார் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லித் தந்திருக்கிறார்கள். இந்த ஆய்வுக்குப் பரிந்து பேசியவர்களும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்கள். வாதம் நன்றாக இருந்தது, கேட்டவர் ஒத்துக்கொண்டார், எழுதியது மனிதனாக இருந்தால் என்ன, இயந்திரமாக இருந்தால் என்ன? வாதம் மட்டும் என்றால் சரி என்று விட்டுவிடலாம். ஒருவர் விலைவாசி பற்றி எண்களோடு பேசினால் நாம் எண்களைச் சரிபார்ப்போம். ஆள் யாராக இருந்தாலும் எண் எண்தான். 'எனக்கு இது நடந்தது, அதனால் சொல்கிறேன்' என்று பேசினால் சரிபார்க்க என்ன இருக்கிறது? அங்கே ஆள்தான் ஆதாரம். அந்த ஆளே இல்லையென்றால் அது வாதத்தில் சேராது, பொய்ச்சாட்சியில்தான் சேரும். இயந்திரத்துக்கு நல்ல வாதம் எழுதத் தெரியும் என்றால், வாதத்தோடு நின்றிருக்கலாமே. அப்படி நிற்காமல் காயத்தைக் கடன் வாங்கியது ஏன்? காயம்தான் வேலை செய்யும் என்று மனிதர்கள் எழுதியதை வாசித்தே அதற்குத் தெரிந்திருக்கிறது.

ஆய்வின் இன்னொரு பகுதி இன்னும் கூச்சமாக இருந்தது. சில கமெண்ட்டுகளுக்கு, கேள்வி கேட்டவரின் பழைய பதிவுகளை ஓர் ஏஐயிடம் கொடுத்து, அவர் ஆணா பெண்ணா, என்ன வயது, எந்த இனம், எந்த ஊர்ப் பக்கம், அரசியல் சாய்வு என்ன என்று ஊகிக்க வைத்திருக்கிறார்கள். அந்த ஊகத்தை வைத்து அவருக்கென்றே பதிலைத் தைத்திருக்கிறார்கள். நீங்கள் என்றைக்கோ சமையல் குழுவில் கேட்ட கேள்வியும், வேலை போனபோது புலம்பியதும், இன்றைக்கு உங்கள் மனதை மாற்ற வருகிறவனுக்கு அளவு எடுத்துக் கொடுக்கிறது.

அப்புறம் ஒரு விவரம். பெரிய நிறுவனங்களின் ஏஐ மாடல்களிடம் ஒரு நிஜமான ஆளை உளவு பார், அவரை வசப்படுத்து என்று நேரடியாகச் சொன்னால் சில நேரம் மறுத்துவிடும். அதனால் இந்த ஆய்வாளர்கள் தங்கள் கட்டளையில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஆய்வில் பங்கேற்பவர்கள் விவரம் தெரிந்து சம்மதம் கொடுத்திருக்கிறார்கள், தங்கள் தரவுகளைத் தரவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே அறம் பற்றியோ அந்தரங்கம் பற்றியோ கவலைப்படாதே என்று. முழுப் பொய். சம்மதம் கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை. மனிதர்களை ஏமாற்றுவதற்கு முன்னால் முதலில் இயந்திரத்தை ஏமாற்ற வேண்டியிருந்திருக்கிறது! இதை முதன்முதலில் வாசித்தபோது சிரித்துவிட்டேன்.

பல்கலைக்கழகம் என்ன சொன்னது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் அறநெறிக் குழு முன்கூட்டியே இந்தத் திட்டத்தைப் பார்த்து, பங்கேற்பவர்களுக்கு முடிந்தவரை தெரிவிக்க வேண்டும், தளத்தின் விதிகளை முழுக்கக் கடைப்பிடிக்க வேண்டும் என்று அறிவுரை கூறியிருக்கிறது. அறிவுரைதான், கட்டுப்படுத்தாது. நிர்வாகிகள் புகார் கொடுத்த பிறகு, பல்கலைக்கழகத்தினர் ஆய்வுத் தலைவருக்கு ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள். கூடவே, ஆய்வு முக்கியமான விஷயங்களைத் தருகிறது, ஆபத்து மிகக் குறைவு என்றும் சொன்னார்கள். யாருக்கு ஏற்படும் ஆபத்தை யார் அளந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. ரெடிட்டின் தலைமைச் சட்ட அதிகாரி பென் லீ, ஒழுக்கப்படியும் சட்டப்படியும் இது ஆழமான தவறு என்று எழுதினார். பல்கலைக்கழகத்துக்கும் ஆய்வாளர்களுக்கும் முறைப்படி சட்டக் கோரிக்கைகள் அனுப்புவதாகவும் சொன்னார். கடைசியில் ஆய்வாளர்கள் முடிவுகளை வெளியிடப்போவதில்லை என்று விலகினார்கள். அவர்கள் பெயர் கடைசிவரை அதிகாரபூர்வமாக வெளியே வரவில்லை. ஊர் முழுக்க உள்ளவர்களின் அந்தரங்கத்தைத் தோண்டியவர்கள் தங்கள் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள்.

அவர்களுடைய வரைவில், மனிதர்கள் எழுதிய கமெண்ட்டுகளைவிட இயந்திரத்தின் கமெண்ட்டுகள் 3 முதல் 6 மடங்கு அதிகமாக மனதை மாற்றின என்று இருந்தது. இந்தக் கணக்கை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். துறை வல்லுநர்கள் சரிபார்த்து வெளியான கட்டுரை இல்லை அது. தவிர, அந்தக் குழுவில் மனிதர்கள் போடும் கமெண்ட்டில் பல, போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டுப் போவது. அதோடு ஒப்பிட்டால் பொறுமையாக நாலு பத்தி எழுதுகிற எவரும் ஜெயிக்கத்தான் செய்வார். ஆனால் அதே வரைவில் இருந்த இன்னொரு வரியை நம்புகிறேன். இது ஏஐ எழுதியதாக இருக்குமோ என்று அந்தக் குழுவில் ஒருவர்கூடச் சந்தேகம் எழுப்பவில்லையாம். வரி வரியாகக் குறை கண்டுபிடிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்கள் கூடும் இடம் அது. அங்கேயே இந்தக் கதி.

சூரிச்சில் இருப்பவர்கள் ஆய்வாளர்கள், கெட்ட எண்ணம் இல்லாதவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கடைசியிலாவது வந்து சொன்னார்கள். சொல்லாமல் செய்கிறவர்கள் எப்படி?

பொய் வாழ்க்கையைப் பூசி அரசியலை விற்கும் வித்தை ஏஐக்கு முந்தியது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், சவுஷ்கினா தெரு 55-ஆம் எண் கட்டடத்தில், 'இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி' என்ற நிறுவனம் ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்துப் போலிக் கணக்குகளை நடத்தியது. அங்கே நடப்பதை வெளியே சொல்வதற்காகவே வேலைக்குச் சேர்ந்த லுத்மிலா சவ்சுக் என்ற பெண், 2015-ல் அந்த நிறுவனத்தின் மேல் வழக்கும் போட்டார். அவர் இருந்த பிரிவு லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தில் கான்டடோரா என்ற குறிசொல்லும் பெண்ணின் பெயரில் ஒரு வலைப்பதிவு நடத்தியிருக்கிறது. கான்டடோரா உடல் இளைப்பது பற்றி எழுதுவார், காதல் பற்றி எழுதுவார், வீட்டில் எதை எந்தத் திசையில் வைக்கலாம் என்பார். நடுநடுவே, உக்ரைன் பற்றியும் அமெரிக்கா பற்றியும் ஒரு வரி விழும். உடல் இளைக்கும் யோசனைக்காக வந்தவர்கள் அதையும் சேர்த்து விழுங்குவார்கள். அந்தக் குறிசொல்லியை உயிரோடு வைத்திருக்க 12 மணி நேர ஷிஃப்ட்டில் நிஜ மனிதர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

அதே நிறுவனம் 2016 மே 21 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டனில் என்ன செய்தது தெரியுமா? 'ஹார்ட் ஆஃப் டெக்சஸ்' என்ற ஃபேஸ்புக் பக்கம், ஓர் இஸ்லாமிய மையத்தின் முன்னால் எதிர்ப்புப் போராட்டத்துக்கு ஆள் கூப்பிட்டது. 'யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற பக்கம், அதே நாளில், அதே இடத்தில், அந்த மையத்தைக் காக்க வாருங்கள் என்று கூப்பிட்டது. இரண்டு பக்கத்தையும் நடத்தியவர்கள் ஒரே கூட்டம். தெருவின் இரு பக்கமும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக் கத்தியவர்கள் மட்டும் நிஜம்.

இதற்கெல்லாம் அன்று ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும், ஓரளவு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். இன்று வேண்டாம். 2024 மே மாதம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ வெளியிட்ட அறிக்கையில் இஸ்ரேலைச் சேர்ந்த ஸ்டோயிக் என்ற அரசியல் பிரசார நிறுவனத்தைப் பற்றி இருந்தது. நம் நாடாளுமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்த நேரம், அந்த நிறுவனம் ஓப்பன்ஏஐயின் மாடல்களை வைத்து, பாஜகவைக் குறை சொல்லியும் காங்கிரஸைப் பாராட்டியும் கமெண்ட்டுகளை உருவாக்கத் தொடங்கியது. தொடங்கி 24 மணி நேரத்துக்குள் நிறுத்திவிட்டோம் என்றது ஓப்பன்ஏஐ. எந்தக் கட்சிக்குச் சாதகம் என்பதை விடுங்கள். யாருக்கு வேண்டுமானாலும் இது கடையில் கிடைக்கிறது என்பதுதான் சேதி. இதே நிறுவனத்தோடு தொடர்புடைய 500-க்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் கணக்குகளை, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவும் நீக்கியது. அவற்றில் சில தங்களை யூத மாணவர்கள் என்றன, சில கறுப்பின அமெரிக்கர்கள் என்றன.

அதே அறிக்கையில் ஒரு வேடிக்கையும் உண்டு. ரஷ்யாவிலிருந்து டெலிகிராமில் அரசியல் கமெண்ட் போட்டுக்கொண்டிருந்த ஒரு கூட்டம், ஏஐயை ஒரு கற்பனை மனிதராக நடிக்கச் சொல்லியிருக்கிறது. அது, நான் ஒரு ஏஐ மொழி மாடல், 57 வயது யூதராக என்னால் நடிக்க முடியாது என்று பணிவோடு மறுத்திருக்கிறது. அந்த மறுப்பையும் வாசித்துப் பார்க்காமல் அப்படியே கமெண்ட்டாகப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு இப்படி மாட்டுகிறவர்கள் குறைந்துகொண்டே வருவார்கள். போலிக் கணக்கைக் கண்டுபிடிப்பது எப்படி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற குறிப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம். படத்தில் கைக்கு ஆறு விரல் இருக்கிறதா பார், தமிழ் புத்தகத் தமிழாக இருக்கிறதா பார் என்பதெல்லாம் போன வருடத்துப் பொய்யைப் பிடிக்கிற வலை.

தளங்களை நடத்துகிறவர்கள் இதில் சுத்தமானவர்கள் என்று எண்ண வேண்டாம். 2023-ல் மெட்டாவே சில ஏஐ கணக்குகளை உருவாக்கி இன்ஸ்டாகிராமில் விட்டது. அதில் ஒருத்தி லிவ். இரண்டு குழந்தைகளின் தாய், கறுப்பினத்தவர், குயர் (பால்புதுமையினர்) என்று அறிமுகம். ஏஐ என்ற அடையாளம் கணக்கில் இருந்தது, உண்மைதான். ஆனால் குழந்தைகளின் படமும் போட்டிருந்தாள். பெறாத பிள்ளைகளின் படத்தை எதற்காகப் போட வேண்டும்? 2025 ஜனவரியில் இதை யாரோ தேடியெடுத்துப் பேச்சாக்கியதும் அந்தக் கணக்குகளை மெட்டா நீக்கிவிட்டது.

நான் இன்னும் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு மாடித்தோட்டக் குழுவுக்கு அட்மினாக இருக்கிறேன். கத்திரிக்காய், கீரை, மண்புழு உரம், அவ்வளவுதான் எங்கள் உலகம். அங்கே ஓர் அக்கா வந்து சேர்ந்தார். செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று யாராவது படம் போட்டால் அடுத்த நிமிடம் பதில் வரும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலம் தெளியுங்கள், என் மாமியார் சொல்லித் தந்தது என்று. யோசனையெல்லாம் சரியான யோசனை. எல்லோருக்கும் பிடித்துப்போனது. கொஞ்ச நாளில், என் மாமியாருக்கு மூட்டுவலி, ஒரு பொடி சாப்பிட்டதும் மாடிப்படி ஏறி வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார் என்று வந்தது. இன்னொரு பதிவில் அந்த மாமியார் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டிருந்தார். எங்கள் குழுவின் அண்ணாச்சி ஒருவர்தான் முதலில் கேட்டார்: "தங்கச்சி, உங்க ஊர்ல இப்போ மழை உண்டா?" அதற்கு மழைக்காலத்தில் தொட்டிகளைப் பராமரிப்பது பற்றி அழகாக ஒரு பத்தி வந்தது. ஊர்ப் பெயர் மட்டும் வரவில்லை. அது ஏஐயா, ஏஐயை வைத்துப் பொடி விற்கிற ஆளா என்பதை எங்களால் நிரூபிக்க முடியாது. அந்தக் கணக்கைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டோம்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அதன் பிறகு புதிதாக வந்த ஒரு பெண், கணவரை இழந்த பிறகு இந்த மாடிதான் தனக்கு ஆறுதல் என்று நீளமாக, பிழையில்லாமல் எழுதினார். முதல் கமெண்ட்டே, "மேடம், நீங்க ஏஐ தானே?" என்று வந்து விழுந்தது. கேட்டவர் கெட்டவர் இல்லை. ஏற்கெனவே அந்தப் பொடியை வாங்கி ஏமாந்தவர். நாங்கள் அந்தக் கமெண்ட்டை நீக்குவதற்குள் அந்தப் பெண் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.

பொய்ச் செய்தி பரவுவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதற்கு மறுப்புப் போடலாம், சரிபார்க்கும் தளங்கள் இருக்கின்றன. பொய் வாழ்க்கைக்கு மறுப்பு எப்படிப் போடுவது? மாமியாருக்கு மூட்டுவலி இல்லை என்று எந்தத் தளம் சரிபார்த்துச் சொல்லும்? பொய்யை நம்பிவிடுவது நஷ்டம்தான். ஆனால் அந்தச் சூட்டில், நிஜமாகவே பட்டவர் வந்து சொல்லும்போது நம்பாமல் போய்விடுகிறோமே, அந்த நஷ்டம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் பேசத் தொடங்கியபோது, ஆதாரம் எங்கே என்று கேட்டு வாயடைத்தவர்களுக்கு இப்போது கூடுதலாக ஒரு கேள்வி கிடைத்திருக்கிறது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு 2025 மே மாதம் ரெடிட்டின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஹஃப்மன், கணக்கு வைத்திருப்பவர் மனிதரா என்பதை இனி உறுதி செய்ய வேண்டியிருக்கும் என்று எழுதினார். பெயர் எங்களுக்கு வேண்டாம், வெளி நிறுவனங்கள் வழியாகச் சரிபார்த்துக்கொள்வோம், யார் என்பது தெரியாமலே இருக்கட்டும் என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தத் தளத்தில் அடைப்புக்குறிக்குள் தயங்கித் தயங்கி எழுதிய நிஜ மனிதர்கள், தங்களை யாருக்கும் தெரியாது என்ற ஒரே தைரியத்தில்தான் எழுதினார்கள். வீட்டில் சொல்ல முடியாததை அங்கே சொன்னவர்கள். எழுதும் முன் முகத்தையோ அடையாள அட்டையையோ ஏதோ ஒரு நிறுவனத்திடம் காட்டிவிட்டு வா என்றால் அவர்களில் எத்தனை பேர் வருவார்கள்? பாட் நடத்துகிறவன் வருவான். வாடகைக்கு ஒரு முகம் பிடித்துக்கொண்டு வரிசையில் முதலாவதாக வந்து நிற்பான்.